சீக்கிரம் மட்காத சருகு

மத்திய ஐரோப்பாவின் பீச் மரத்தின் மேல் வனவியலாளர்களுக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. லிண்டன், ஆஷ் மரங்களின் சருகு சுமார் ஓராண்டில் மண்ணோடு கலந்துவிடும். பீச் சருகுக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதில் எளிதில் சிதையாத லிக்னின் அதிகம், தழைச்சத்து குறைவு. உதிர்வதற்கு முன்பே ஏறத்தாழப் பாதித் தழைச்சத்தை மரம் திரும்ப உறிஞ்சிக்கொள்வதால் தரைக்கு வருவது பெரும்பாலும் சக்கைதான். புளிப்பு மண் காடுகளில் சருகைக் கையால் விலக்கினால் மேலே செம்பு நிறத்தில் முழு இலைகள். கீழே வெளுத்து, வெள்ளைப் பூஞ்சை இழைகளால் ஒட்டிக் கிடப்பவை. அதற்கும் கீழே நரம்பு மட்டும் மிஞ்சியவை. அடியில் கறுத்த தூள். மெத்தையாகச் சேர்ந்த இதைப் பார்த்து, சத்து முடங்கிக் கிடக்கிறதே என்று அங்கலாய்ப்பவர்கள் வேகத்தை வளமென்று எண்ணிக்கொள்கிறார்கள்.

வைக்கோல் பற்றாத ஜெர்மன் கிராமங்களில் மாட்டுத் தொழுவத்தில் பரப்பக் காட்டுச் சருகை வாரிச் செல்வது நெடுங்கால வழக்கமாக இருந்தது. சருகோடு காட்டின் சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் எருவாகி வயலுக்குப் போயின. இந்த இழப்பைக் கணக்கிட்டு 1876-இல் நூலாக்கியவர் பவேரியாவின் எர்ன்ஸ்ட் எபர்மாயர். முடங்கிக் கிடப்பதாகத் தோன்றியதுதான் காட்டின் கையிருப்பு. சத்து வேகமாக விடுபட்டால் மட்டும் போதாது, வாங்கிக்கொள்ள வேரும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஹப்பார்டு புரூக் ஆய்வுக் காட்டில், பீச்சும் மேப்பிளும் கலந்த ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியை 1965-இல் முழுக்க வெட்டி, மறுபடி துளிர்க்காதபடி களைக்கொல்லி தெளித்தார்கள். வாங்கிக்கொள்ள வேரில்லாததால் தழைச்சத்து கரைந்தோடி, ஓடைநீரில் நைட்ரேட் பல மடங்கு எகிறியது.

பீச் மேல்மண்ணைப் புளிப்பாக்குகிறதே என்று கேட்கலாம். லிண்டனோடும் ஆஷோடும் ஒப்பிட்டால் அது உண்மைதான். ஆனால் பழி முழுவதும் மரத்தைச் சேராது. டென்மார்க்கின் பீச் காடுகளிலேயே மண்புழுக்கள் கிளறிய பொலபொலப்பான மண்ணும், சருகு தனி அடுக்காகப் படிந்த மண்ணும் இருப்பதை வனவியலாளர் பி. இ. முல்லர் 1870-களின் இறுதியிலேயே விவரித்தார். சுண்ணாம்புப் பாறை மேலுள்ள காட்டில் பீச் சருகையும் புழுக்கள் இழுத்துச் செல்கின்றன. புளிப்பான மணற்பாறை மேல் அவை அரிது. அங்கும் மரம் பட்டினி கிடப்பதில்லை: பூஞ்சை உறை போர்த்திய மெல்லிய வேர்கள் சருகடுக்குக்குள்ளேயே ஏறி வந்து சத்தை எடுத்துக்கொள்கின்றன.