கதாபாத்திரம் செத்தால் கோபம் ஏன்?

தொடரில் பிடித்தமானவரைச் சாகடித்தால் அழுகையோடு கோபமும் ஏன் வருகிறது? திரையில் அடிக்கடி பார்க்கும் முகத்தோடு நாம் ஒருதலை நட்புக் கொள்கிறோம் என்று 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். வெறும் நடிப்பு என்று தெரியாதா என்பார்கள். தெரியும், தெரிந்தும் தினமும் வீட்டுக்குள் வந்த குரல் பழகிய குரலாகிவிடுகிறது. ஆனால் 'ஃப்ரெண்ட்ஸ்' தொடர் முடிந்ததைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வில், ரசிகர்களின் வருத்தம் நிஜப் பிரிவின் துயரத்தைவிடக் குறைவாகவே இருந்தது. ஆகவே வருத்தம் மட்டும் கோபத்தை விளக்காது.

சாவை ஒருவர் முடிவு செய்தார் என்பதே கோபத்தின் வேர். காவிரிக் கரைக் கதையையே பாருங்கள். 'பொன்னியின் செல்வன்' நாவலில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கல்கியால் காப்பாற்றியிருக்க முடியாது. அவன் வரலாற்றிலேயே கொல்லப்பட்டவன்; அந்தக் கொலைக்கு உடையார்குடிக் கல்வெட்டு சாட்சி. அதனால்தான் வாசகர்கள் இன்றும் கொன்றவன் யார் என்று வாதிடுகிறார்களே தவிர, ஏன் கொன்றீர் என்று கல்கியோடு மல்லுக்கு நிற்பதில்லை. அதே நாவலில் வரும் மணிமேகலை கற்பனைதானே, அவள் சாவு ஏன் ஆத்திரமூட்டவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவள் மனம் உடைவதைக் காட்டி, அந்த முடிவுக்குக் கதை நம்மைத் தயார்ப்படுத்திவிடுகிறது. மாறாக, 2001இல் 'க்யோங்கி சாஸ் பி கபி பஹு தி' என்ற இந்தித் தொடரில் மிகிர் என்ற கதாபாத்திரம் திடீரென விபத்தில் செத்தது. கல்வெட்டும் இல்லை, முன்னேற்பாடும் இல்லை. எழுதியவரின் பேனா மட்டுமே. எதிர்ப்பு வலுத்தது, மிகிர் உயிரோடு திரும்பினார். 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்ற கானன் டாயிலும், 1903இல் அவரை உயிரோடு கொண்டுவரத்தான் வேண்டியிருந்தது.