பதினோரு கிட்டாரும் ஒரு வெள்ளமும்

கொக்கிரகுளத்தில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் பதினோரு எலெக்ட்ரிக் கிட்டார் வைத்திருந்தார். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் ஒன்பது. மெல்லிசைக் குழுவில் வாசிப்பதை விட்டு அவருக்குப் பல வருஷம் ஆகிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் சர்ச் ஆட்களோடு கேரல் ரவுண்ட்ஸ் போவார். அதுக்கு ஒரு சாதாரண அக்குஸ்டிக் கிட்டாரே போதும். அப்புறம் எதுக்கு பதினொண்ணு?

மைனி இதைக் கேட்டால் அவர் பதிலே சொல்லமாட்டார். நான் கேட்டதுக்கு மூணு ஞாயிற்றுக்கிழமை பதில் சொன்னார். அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே குறித்து வைக்கிறேன். கிட்டார் வாசிக்கத் தெரியாதவன் எழுதுகிற குறிப்பு இது. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில், ஒண்ணுக்கு மேல் ஏன் வேணும் என்பது. எலெக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தைப் பிடிப்பது மரப்பெட்டி இல்லை, கம்பிக்குக் கீழே இருக்கிற பிக்கப். காந்தத்தைச் சுற்றி மயிரிழை மாதிரியான செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசையும், சுருளில் சின்னதாக மின்சாரம் பிறக்கும். சைக்கிள் டைனமோவின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். நைலான் கம்பி போட்டால் ஒரு சத்தமும் வராது.

ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு ஒரு வியாதி உண்டு. சுற்றிலும் ஓடுகிற கரண்ட்டின் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அது கிட்டத்தட்ட ஜி என்ற சுரம். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், அது பி பக்கம் போகும். ஆக, ஒரே கிட்டார் கலிபோர்னியாவில் ஒரு சுருதியிலும் கொக்கிரகுளத்தில் வேறு சுருதியிலும் முனகும். (இதைச் சொன்னதும் அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். "அப்போ ஜி-ல பாடினா இரைச்சல் தெரியாதுல்லா!" என்றார். கொஞ்சம் உண்மைதான்.) இந்த முனகலை அடக்க, இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி இணைக்கும் வேலையை 1955 வாக்கில் கிப்ஸன் கம்பெனியின் செத் லவர் செய்தார். அதுதான் ஹம்பக்கர். முனகல் போனது, கூடவே சத்தத்தின் கூர்மையும் கொஞ்சம் போய்த் தடிப்பு வந்தது. ஒற்றைச் சுருளின் மினுமினுப்பு வேணும்னா ஃபெண்டர் வகை, தடிப்பு வேணும்னா கிப்ஸன் வகை. இரண்டும் ஒரே கிட்டாரில் முழுசாக வராது. ஆக குறைந்தது இரண்டு. இது நியாயமான காரணம், நான் ஒத்துக்கொள்கிறேன்.

மூணாவதிலிருந்து பதினொண்ணு வரைக்கும் இருப்பது நியாயம் இல்லை, ஆசை. அதற்கு ஆங்கிலத்தில் 'ஜி.ஏ.எஸ்' என்று ஒரு வியாதிப் பெயரே இருக்கிறது: கிட்டார் வாங்கிச் சேர்க்கும் நோய். ஸ்டீலி டான் குழுவின் வால்டர் பெக்கர் 1990களில் கிண்டலாக எழுதியது. எழுத்துக்கூட்டிப் படித்தால் கியாஸ். மைனிக்கு இந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. "இஞ்சிக் கசாயம் வச்சுத் தரட்டா?" என்று கேட்கிறார்கள்.

ஆசைக்கு ஒரு வரலாறு உண்டு. ஃபெண்டரின் டெலிகாஸ்டர் அந்தப் பெயரில் 1951இல் வந்தது, கிப்ஸனின் லெஸ் பால் 1952இல், ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல். உலகத்துக் கடைகளில் தொங்குகிற எலெக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பங்கு இந்த மூணின் பிள்ளைகளும் பேரன்களும்தான். எழுபது வருஷமாக அடிப்படை வடிவம் மாறாத மின்சாரப் பொருள் வேறு என்ன இருக்கிறது? ரேடியோ போச்சு, டேப் ரிக்கார்டர் போச்சு. இது மட்டும் அப்படியே நிற்கிறது. அதனால் பழசும் புதுசும் ஒரே சந்தையில் போட்டி போடுகிறது, பழசே பெரும்பாலும் ஜெயிக்கிறது. 1965இல் லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை சி.பி.எஸ் நிறுவனத்துக்கு விற்றார். அதற்கு முன் செய்ததா, பின் செய்ததா என்ற ஒரே கேள்வியில் விலை எங்கேயோ போய்விடும். 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் நிற லெஸ் பால், அன்றைக்குச் சரியாக விற்கவில்லை என்று நிறுத்தப்பட்ட சரக்கு. இன்றைக்கு அதன் விலைக்கு பாளையங்கோட்டையில் நல்ல இடத்தில் வீடு வாங்கலாம். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் 1970இல் நியூயார்க் கடையில் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டை 2019இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விட்டார். 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்த ஏலத்தின் பணத்தை சுற்றுச்சூழலுக்காக வழக்காடும் ஓர் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கதைகள்தான் நம்ம ஊர் ஆட்களைக் கெடுக்கிறது என்பது என் எண்ணம். "இது முதலீடு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் வீட்டில் வாய் திறக்க முடியாதே. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2010இல் அண்ணாச்சி 15,000 ரூபாய்க்கு ஒரு புதுக் கிட்டார் வாங்கினார். அப்போது தங்கம் பவுன் கிட்டத்தட்ட அதே விலை. 2024இல் பவுன் 55,000ஐத் தாண்டியபோது, அந்தக் கிட்டாருக்குக் கேட்டவர் சொன்ன விலை எட்டாயிரம். அதுவும் வாங்குகிறவர் பெங்களூரில் இருக்கிறார். ஆம்னி பஸ்ஸில் போட்டுவிடுகிற செலவு நம்முடையது. திருநெல்வேலியில் பழைய எலெக்ட்ரிக் கிட்டாருக்குச் சந்தை என்று ஒன்று கிடையாது. வாங்குவது சுலபம், விற்பது கஷ்டம். விலை ஏறுகிற கிட்டார் உலகத்தில் ஒரு கைப்பிடி. அதில் எதுவும் தாமிரபரணிக் கரைக்கு வந்ததாகத் தெரியவில்லை.

இனி செலவு. இந்தியாவில் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி வந்தபோது இந்த வாத்தியங்கள் 28 சதவீதத்தில் இருந்தன, அந்த நவம்பரில் 18 ஆக்கினார்கள். கையால் செய்கிற வீணை போன்ற நாட்டு வாத்தியங்களுக்கு வரி இல்லை. வெளிநாட்டுச் சரக்குக்கு சுங்க வரி தனி. அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் நம் கைக்கு வரும்போது ஒண்ணரை லட்சத்தை எளிதாகத் தாண்டும். அதனால் பலரும் பிடிப்பது வளைகுடா அல்லது சிங்கப்பூரில் இருக்கிற சொந்தக்காரரை. அதிலும் கணக்கு இருக்கிறது. பல வருஷம் 50,000 ரூபாய் வரைக்கும்தான் பயணச் சாமானுக்கு வரி விலக்கு, மிஞ்சினதுக்கு 38.5 சதவீதம். 80,000 ரூபாய்க் கிட்டார் என்றால் 30,000க்கு வரி, 11,550 ரூபாய். கிட்டார் பெட்டியைத் துணிப்பையில் மறைக்கவும் முடியாது, ஏர்போர்ட்டில் தூரத்திலேயே தெரியும்.

வாங்கின பிறகுதான் உண்மையான செலவு. கம்பி ஒரு செட் 700 ரூபாய் என்று வைத்தால், பதினோரு கிட்டாருக்கு வருஷம் இரண்டு தடவை மாற்ற 15,400. சித்திரை வெயிலில் மரம் சுருங்கி ஃபிரெட் முனை வெளியே நீட்டும், கையைக் கீறும். ஐப்பசி மழையில் மரம் ஊறி கழுத்து வளையும். கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியை ஆலன் சாவி போட்டுத் திருகி நிமிர்த்தணும், வருஷத்துக்கு இரண்டு தடவை. கூடத் திருகினால் கழுத்து போச்சு. இதைச் செய்ய ஊரில் ஆள் கிடைக்காமல் அண்ணாச்சியே கற்றுக்கொண்டார். பெயிண்ட் வேலைக்கு பைக் டேங்குக்கு ஸ்பிரே அடிக்கிற தம்பி. நன்றாகவே அடிக்கிறான்.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த விஷயம் மரம். கிட்டார் கழுத்தின் மேல், விரல் அழுத்துகிற பலகை பெரும்பாலும் ரோஸ்வுட். ஃபெண்டர் 1959 வாக்கில் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மாறியது. 60களின் நடுவிலிருந்து இந்திய ரோஸ்வுட். அதாவது நம்ம தோதகத்தி. ஈட்டி என்றும் சொல்வார்கள். பொதிகை முதல் நீலகிரி, வயநாடு என்று நீளும் மேற்குத் தொடர்ச்சி மலை மரம். தமிழ்நாட்டில் 1994ஆம் வருஷச் சட்டம் ஒன்று, சொந்தப் பட்டா நிலத்துத் தோதகத்தியைக்கூட அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்றது. 2017 ஜனவரியில் உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தம் தோதகத்தி இனம் மொத்தத்தையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது, ஃபெண்டர் தன் மெக்ஸிகோ கிட்டார்களுக்கு வேறு மரத்துக்கு மாறியது. வாத்தியக்காரர்கள் கத்தின கத்தில் 2019இல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்கு வந்தது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் முழுத் தடையில் இருக்கிறது, விலக்கு அதற்குக் கிடையாது.

இங்கே கொஞ்சம் எரிச்சல் வருகிறது. நம்ம பக்கத்து மலை மரம் பலகையாக அறுபட்டு பசிபிக் கரைக்குப் போய், கிட்டாராகி, இரண்டு வரி கட்டித் திரும்ப வருகிறது. அண்ணாச்சிக்கு அதெல்லாம் கவலை இல்லை. "மரம் பேசும் வே" என்பார். பேசுமா என்பது பெரிய சண்டை. அக்குஸ்டிக் கிட்டாரிலும் வீணையிலும் மரம் பேசும், சந்தேகமே இல்லை. எலெக்ட்ரிக்கில் பிக்கப், கம்பி நீளம் (ஃபெண்டர் 25.5 அங்குலம், கிப்ஸன் கிட்டத்தட்ட 24.75), ஆம்ப் இவைதான் பெரும் வேலை செய்கின்றன. மரத்துக்கு மிச்சம் இருக்கிற பங்கு சின்னது என்றே எனக்குத் தோன்றுகிறது. நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைத் தட்டிப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரனிடம் இதைச் சொன்னால் எடுபடாது. கல்லே பேசுகிற ஊர்.

இப்போது வெள்ளம். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். அணைகள் நிரம்பி, ஆறு இரண்டு கரையும் தாண்டி, ஜங்ஷன், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீர். அண்ணாச்சி வீட்டில் முழங்காலுக்கு மேல். மாடிக்கு ஒரு குறுகல் படி, கரண்ட் இல்லை, கையில் டார்ச். பதினோரு கிட்டாரில் ஏழு மேலே போனது. கட்டிலுக்கடியில் பெட்டியோடு இருந்த நாலு ராத்திரி முழுக்க ஊறின.

அந்த நாலில் இரண்டு, கழுத்தை நாலு ஸ்க்ரூ போட்டு இணைக்கிற ஃபெண்டர் வகை. கழற்றி, நல்ல தண்ணீரில் சேறு கழுவி, நிழலில் மூணு வாரம் காயவைத்து, வால்யூம் குமிழும் சுவிட்சும் மாற்றினதும் பாட ஆரம்பித்தன. மற்ற இரண்டு, கழுத்தைப் பசை போட்டு ஒட்டுகிற வகை. அதில் ஒன்று, ஜப்பானில் செய்த லெஸ் பால் நகல். இருந்ததிலேயே விலை கூடினது. பசை இளகி, கழுத்து மூட்டு திறந்து, மேல்பலகை உப்பிவிட்டது. இன்னொன்று ஒட்டுப்பலகையில் செய்தது, அடுக்கடுக்காகப் பிரிந்தது. இரண்டும் சேர்த்து ஒண்ணேகால் லட்சம். வெள்ள நிவாரணமாக அரசு கொடுத்தது ஆறாயிரம்.

எந்த வரிசையில் மேலே கொண்டுபோனீங்க என்று கேட்டேன். முதலில் தூக்கினது கல்கத்தா கிவ்சன். (கிப்ஸன் இல்லை, கிவ்சன். நம்ம நாட்டுச் சரக்கு.) 1990களின் ஆரம்பத்தில் முதல் கச்சேரிகளின் காசைச் சேர்த்து, இரண்டாயிரத்துக்கும் குறைவாக வாங்கினது. கழுத்து கோணல், மேல் ஃபிரெட்டுகளில் சுருதி நிற்காது. இப்போது விற்றால் ஆயிரம் கிடைக்குமா தெரியாது. ஒரு லட்சத்துப் பக்கம் வருகிற ஜப்பான் கிட்டார் கட்டிலுக்கடியில் இருப்பது தெரிந்தேதான் இதைத் தூக்கினாராம். "அது எங்க போயிரப் போவுது, இன்னொண்ணு வாங்கிக்கிடலாம். இதுல எங்க குழு ஆளுக எல்லாரும் இருக்காங்கல்லா." அந்தக் குழுவில் இரண்டு பேர் இப்போது இல்லை. டிரம்ஸ் வாசித்தவர் கொரோனாவில் போனார்.

மைனி இதையே வேறு மாதிரி சொல்கிறார்கள். "பிரிட்ஜு மெதக்குது, பிள்ளையோட சர்டிபிகேட்டு பீரோல கெடக்கு, இவுக அந்த ஓட்டைக் கிட்டாரத் தூக்கிட்டு மாடி ஏறுதாக." சர்டிபிகேட்டை எடுத்தது மைனிதான். பிரிட்ஜ் போனது போனதுதான்.

ஜப்பான் கிட்டாரின் உப்பின உடம்பைக் காயவைத்து, பிக்கப்பை மட்டும் கழற்றி வைத்திருக்கிறார். செம்புச் சுருளுக்கு ஒண்ணும் ஆகவில்லை, மீட்டர் வைத்துப் பார்த்தோம். அந்தப் பிக்கப்புக்கு ஏற்ற மாதிரி உடம்பு ஒன்று சென்னையில் ஒருத்தரிடம் இருக்கிறதாம், போன வாரம் போன் பண்ணிச் சொன்னார். கழுத்து ஸ்க்ரூ போட்ட வகையா, பசை போட்டதா என்று கேட்டேன். ஸ்க்ரூ என்றார். இனிமேல் எல்லாம் மாடியில் சுவரில் தொங்குமாம். இந்தக் குறிப்பை மைனி படிக்கமாட்டார்கள் என்று உறுதி சொல்லியிருக்கிறார்.