மணல் மலிவு, நெருப்புதான் விலை

மலையைக் குடைந்து ஒரு கோட்டை. குடியேறுகிறவர்கள் ஏழு குள்ளர்கள். அவர்களுக்குச் சோறு, படுக்கை, குடிக்கச் சாராயம், எதிரி வந்தால் தடுக்கக் கதவு என எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வது ஆட்டக்காரரின் பொறுப்பு. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 2006-ல் வெளியிட்ட ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ என்ற கணினி விளையாட்டு இது. பல ஆண்டுகள் படமே இல்லாமல், எழுத்துகளும் குறிகளும் மட்டுமே திரையில் ஓடின. அப்படியும் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2013-ல் இதைக் காட்சிக்கு வைத்தது. படங்களோடு கூடிய பதிப்பு 2022 டிசம்பரில்தான் வந்தது.

இந்த விளையாட்டின் ருசி சண்டையில் இல்லை, கணக்கு வழக்கில் இருக்கிறது. கண்ணாடித் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். உலை கட்டியாயிற்று, மணல் திட்டும் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை. ஏன்? மணல் அள்ளச் சாக்கு இல்லை! சாக்கு வேண்டுமானால் துணி நெய்ய வேண்டும், அல்லது தோல் பதப்படுத்த வேண்டும். கண்ணாடித் தொழில் தறியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும்.

சாக்குப் பிரச்சினை தீர்ந்ததும் விறகுப் பிரச்சினை. பச்சை நிறக் கண்ணாடிக்கு ஒரு சாக்கு மணலும், ஒரு மரத்துண்டை எரித்த கரியும் போதும். நிறமற்ற தெளிந்த கண்ணாடி வேண்டுமென்றால் ஒரு மரத்துண்டைச் சாம்பலாக்கி, அதிலிருந்து பொட்டாஷ் எடுத்து, அதைச் சூளையில் சுட்டுத் தூய்மையாக்கிச் சேர்க்க வேண்டும். சூளைக்கு ஒரு பங்கு கரி, உலைக்கு ஒரு பங்கு கரி. ஆக மொத்தம் மூன்று மரத்துண்டு. இரண்டு வகைக்கும் மணல் ஒரே ஒரு சாக்குதான். விறகோ மூன்று மடங்கு. கண்ணாடியின் விலையை மணல் தீர்மானிப்பதில்லை, நெருப்பும் சாம்பலும்தான் தீர்மானிக்கின்றன என்ற உண்மையை இந்த ஆட்டம் சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது.

நிஜ உலகில் இது எவ்வளவு தூரம் பொருந்தும்? கோட்டையைத் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்கு மாற்றிப் பார்ப்போம்.

வாழைத் தோட்டத்தில் பொட்டாஷ்

முல்லைப் பெரியாறு, சுருளியாறு, கொட்டகுடி ஆறு, வைகை என்று தேனி மாவட்டத்தில் ஆறுகளுக்குக் குறைவில்லை. இந்த ஆறுகள் கொண்டுவரும் மணல், மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் உடைந்து வந்தது. அதில் சிலிக்காவான குவார்ட்ஸ் மட்டும் இல்லை, ஃபெல்ஸ்பார் உண்டு, இரும்பு கலந்த கருங்கனிமங்களும் உண்டு. அதை அப்படியே உருக்கினால் பச்சைக் கண்ணாடிதான் வரும். காரணம் இரும்பு. வீட்டு ஜன்னல் கண்ணாடியை நேராகப் பார்த்தால் நிறமே தெரியாது. அதன் வெட்டிய ஓரத்தைப் பக்கவாட்டில் பாருங்கள், பச்சை தெரியும். சலித்து, கழுவி, தேர்ந்தெடுத்த மணலில் எஞ்சியிருக்கும் துளி இரும்பு செய்யும் வேலை அது.

சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். விறகு உலையில் அந்தச் சூட்டை எட்ட முடியாது. அங்கேதான் சாம்பல் உதவிக்கு வருகிறது. மணலில் சிலிக்கானும் ஆக்ஸிஜனும் ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டு இறுகிய வலைப்பின்னலாக நிற்கின்றன. சோடியமோ பொட்டாசியமோ உள்ளே நுழைந்தால் அந்தக் கைகளில் சில விடுபடுகின்றன. பின்னல் தளர்ந்து, பல நூறு டிகிரி குறைந்த சூட்டிலேயே கலவை இளகுகிறது. ஆனால், சோடாவும் மணலும் மட்டும் சேர்ந்தால் கிடைப்பது தண்ணீரில் கரையும் கண்ணாடி. அதைக் கரையாமல் கட்டிவைப்பது சுண்ணாம்பு. இன்றைய பாட்டில் கண்ணாடியில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா, 12 முதல் 16 சதவீதம் சோடா, மீதியில் பெரும்பங்கு சுண்ணாம்பு.

சோடா, பொட்டாஷ் போன்ற இந்தக் காரத்துக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் எங்கே போவது? தோட்டத்துக்குத்தான். சின்னமனூர், கம்பம் பக்கம் பார்க்கும் இடமெல்லாம் வாழை. மண்ணிலிருந்து பொட்டாசியத்தை அதிகமாக உறிஞ்சும் பயிர் அது. வாழை மட்டையையும் தண்டையும் உலர்த்தி எரித்தால் கிடைக்கும் சாம்பலில் பொட்டாஷ் மிகுதி. அசாமில் வாழைச் சாம்பலிலிருந்து காரநீர் வடித்துச் சமையலில் சேர்ப்பது இன்றும் உள்ள வழக்கம். ஐரோப்பாவில் இடைக்காலத்துக் கண்ணாடிக்காரர்கள் பீச் மரச் சாம்பலை நம்பியிருந்தார்கள். சோடாவுக்கும் நம் ஊரில் வழி இருந்தது. அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் வெள்ளாவி வைக்கப் பயன்படுத்திய உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் உண்டு. கோடையில் தரையின்மேல் வெள்ளையாகப் பூக்கும் அந்த மண்தான், தென்னிந்தியப் பழங்கண்ணாடிக்கு வேண்டிய சோடாவைத் தந்ததாகக் கருதப்படுகிறது.

மணல் உண்டு, காரம் உண்டு, சாக்கு நெய்ய ஆண்டிபட்டிப் பக்கம் தறியும் உண்டு. எஞ்சியது நெருப்பு. அங்கேதான் கண்ணாடி செய்த பல தேசங்களும் தடுமாறின. இங்கிலாந்தில் காடு அழிகிறதென்று 1615-ல் முதலாம் ஜேம்ஸ் மன்னர், கண்ணாடி உலைக்கு விறகு எரிக்கக் கூடாதென ஆணை போட்டார். உலைகள் நிலக்கரிக்கு மாறின. நம் பள்ளத்தாக்கிலோ விறகுக்காக மேகமலையில் கைவைக்க முடியாது. அது 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம்.

விளையாட்டில் இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. ஆழத் தோண்டி எரிமலைக் குழம்பின் மேல் உலையைக் கட்டிவிட்டால் கரியே வேண்டாம். அந்த ஆட்டத்தில் மணலும் தீர்வதில்லை. ஒரே திட்டில் அள்ள அள்ள வந்துகொண்டே இருக்கும். ஆற்று மணல் அள்ளி, ஊற்று வற்றி, கிணறு இறங்கிப் போனதைப் பார்த்த வைகைக் கரைக்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிக்கத்தான் செய்வார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம்

கண்ணாடி உலை எரிந்ததாகக் கருதப்படும் ஊர் ஒன்று அருகிலேயே உண்டு. பழனி மலைத்தொடரின் தெற்கடிவாரத்தில் பெரியகுளம். அதே மலையின் வடக்கே, பழனியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் பொருந்தல். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழு 2009, 2010-ல் அங்கே அகழாய்வு செய்தது. கல்லறையில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று தெரிந்தபோது பொருந்தல் செய்தியில் அடிபட்டது. பொருந்தலில் நெல் அளவுக்குப் பேசப்படாத கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. மக்கள் வாழ்ந்த மேட்டில் ஏராளமான கண்ணாடி மணிகளும், மணி செய்ததாகக் கருதப்படும் உலையும் வெளிப்பட்டன.

அந்த மணிகளை எப்படிச் செய்தார்கள் என்பதை ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகேயுள்ள பாப்பாநாயுடுபேட்டையின் தொழில்முறையைக் கொண்டு ஊகிக்கலாம். புதுச்சேரி அருகேயுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த பழைய மணிகளை ஆராய்ந்தவர்களும் அங்கேதான் போய்ப் பார்த்தார்கள். நீண்ட இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியைத் திரட்டி, உருட்டி உருட்டிப் பெரிய கூம்பாக்குவார்கள். குழாய் வழியே கம்பியைச் செலுத்தி, கூம்பின் நடுவே துளை போட்டு, மறுபடி உலைக்குள் வைப்பார்கள். எதிர்வாயிலில் உட்கார்ந்திருப்பவர் கூம்பின் நுனியைக் கொக்கியால் பற்றி இழுப்பார். கருப்பட்டிப் பாகு கம்பிப் பதத்தில் நூலிழையாக நீள்வதுபோல் கண்ணாடியும் நீளும். எவ்வளவு மெலிந்தாலும் நடுத்துளை மூடாது. அப்படி வந்த குழலைத் துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலில் புரட்டி, சட்டியில் போட்டுச் சூடேற்றிக் கிளறினால் கூர்முனைகள் மழுங்கி மணியாகும். துளை அடைபடாமலும் ஒன்றோடொன்று ஒட்டாமலும் சாம்பல் பார்த்துக்கொள்ளும்.

கிழக்காப்பிரிக்காவிலிருந்து இந்தோனேசியா வரை கிடைக்கும் இவ்வகைச் சிறுமணிகளை இந்தோ-பசிபிக் மணிகள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். விறகுக் கணக்குப் போட்டால் மணி எவ்வளவு கெட்டிக்காரத்தனமான சரக்கு என்பது புரியும். ஒரு குடுவைக்கு ஆகும் கண்ணாடியில் நூற்றுக்கணக்கான மணிகள் தேறும். தூக்கிச் செல்வது எளிது, உடையும் பயம் குறைவு. இன்னொரு சூட்சுமமும் உண்டு. பண்டை உலகில் மணலிலிருந்து கண்ணாடி உருக்குகிறவர் ஒருவர், அந்தக் கட்டியை வாங்கி மறுபடி உருக்கிப் பொருள் செய்கிறவர் வேறொருவர் என்று வேலை பிரிந்திருந்தது பல இடங்களில் வழக்கம். முதல் உருக்கத்துக்குத்தான் பெருநெருப்பு. ஒருமுறை கண்ணாடியாகிவிட்டதை இளக்கக் குறைந்த சூடு போதும்.

விளையாட்டு விட்டுவிட்ட ஒரு வேலையும் இருக்கிறது: ஆறவைப்பது. செய்த பொருளை அப்படியே காற்றில் வைத்தால் வெளிப்புறம் முதலில் இறுகும். உள்ளே இன்னும் இளகலாக இருக்கும். பிறகு உள்ளே சுருங்கும்போது வெளிப்புறம் விட்டுக்கொடுக்காது. அந்த இழுபறி உள்ளேயே தங்கிப்போய், என்றோ ஒருநாள் தொட்டதும் தெறிக்கும். அதனால் 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் நிறுத்தி, மெல்ல மெல்ல ஆற்ற வேண்டும். ஆற்றுவதற்கும் எரிபொருள் வேண்டும்.

போடி மலைக்குள் ஐம்பது ஏக்கர் கண்ணாடி

மலையைக் குடைந்து கோட்டை, உள்ளே கண்ணாடி என்பது தேனிக்கு வெறும் விளையாட்டுக் கதையும் இல்லை. போடி மேற்கு மலையில் பொட்டிப்புரம் அருகே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் 132 மீட்டர் நீளக் கூடம், அதில் 50,000 டன் இரும்புத் தகடுகள் என்பது திட்டம். இரும்பைப் பற்றிப் பேசிய அளவுக்கு யாரும் கண்ணாடியைப் பற்றிப் பேசவில்லை. தகடுகளுக்கு இடையே செருகத் திட்டமிட்ட உணர்கருவிகள் சுமார் 28,800. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 மீட்டர் சதுரம். ஒவ்வொன்றிலும் 3 மில்லிமீட்டர் கண்ணாடித் தகடு இரண்டு. கூட்டிப் பார்த்தால் ஐம்பது ஏக்கருக்கும் மேல் பரப்பு வரும்.

கண்ணாடி எதற்கு? இரண்டு தகடுகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளியில் வாயு ஓடும். இரு தகடுகளுக்கும் இடையே 10,000 வோல்ட் அளவில் மின்னழுத்தம். நியூட்ரினோ இரும்பில் மோதிப் பிறக்கும் மியூவான் போன்ற மின்னேற்றத் துகள் ஊடுருவினால் வாயுவில் அந்த இடத்தில் மட்டும் சின்னஞ்சிறு மின்பொறி எழும். உலோகத் தகடாக இருந்தால் பொறி பரவிக் கருவியே கெடும். கண்ணாடி மின்சாரத்தை எளிதில் கடத்தாததால், பொறி எழுந்த புள்ளியிலேயே அணைகிறது. துகள் எங்கே போனது என்பது பதிவாகிவிடுகிறது. இதே அமைப்பின் 85 டன் சிறு மாதிரி மதுரையில் கட்டப்பட்டது. மலைத் திட்டத்தை விவசாயிகளும் சூழலியலாளர்களும் எதிர்த்தார்கள். காட்டையும் புலிகளின் வழித்தடத்தையும் முன்வைத்துத் தமிழ்நாடு அரசும் 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் திட்டம் வேண்டாம் என்றது. மலைக்குள் கூடம் வரவில்லை.

அறைச் சூட்டில் மின்சாரத்தைத் தடுக்கும் இதே கண்ணாடி, உருகிய பிறகு மின்சாரத்தைக் கடத்தும். உருகிய குழம்புக்குள் மின்முனைகளை இறக்கி, கண்ணாடியையே சூடேற்றும் மின்னுலைகள் உலகில் இயங்குகின்றன. லோயர் கேம்ப் நீர்மின் நிலையமும் ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளும் உள்ள மாவட்டத்துக்கு எரிமலைக் குழம்புக்குப் பதில் அதுதான். ஆனால், கண்ணாடி உலையை மூட்டினால் பல வருடங்கள் அணைக்காமல் ஓட்டுவார்கள். இடையில் குளிர்ந்தால் உலையே பாழ். காற்றாலையோ ஆடிக் காற்றில் வேகமாகச் சுற்றும், காற்று குறையும் மாதங்களில் மந்தமாகும்.

பாட்டிலை வீசாதீர்கள்

ஒருமுறை உருக்கியதை மறுபடி இளக்கக் குறைந்த நெருப்பு போதும் என்று பழைய மணிக்காரர்கள் அறிந்திருந்த சூட்சுமம் இன்றைக்கும் செல்லும். புதுக் கலவையை உருக்கும்போது சோடாவும் சுண்ணாம்பும் சிதைந்து கார்பன் டை ஆக்ஸைடை விடுகின்றன. அந்தச் சிதைவுக்கே நிறைய வெப்பம் போகிறது. உடைந்த கண்ணாடியில் அந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. உலையில் போடும் கலவையில் 10 சதவீதம் உடைந்த கண்ணாடி சேர்த்தால் எரிசக்தி ஏறத்தாழ 2.5 முதல் 3 சதவீதம் மிச்சம். ஒரு டன் உடைந்த கண்ணாடி, மணலும் சோடாவும் சுண்ணாம்புமாக ஒரு டன்னுக்கும் மேல் மூலப்பொருளை மிச்சப்படுத்துகிறது. எத்தனை முறை உருக்கினாலும் கண்ணாடியின் தரம் குறைவதில்லை. நிறவாரியாகப் பிரித்து, பீங்கான் துண்டு கலக்காமல் கொடுத்தால் போதும்.

யானைகளின் காலைக் கிழித்த பாட்டில்களால் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2022-ல் நீலகிரியில் காலி மதுபாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் என்ற திட்டம் வந்தது. பின்னர் அது வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. மலைப்பாதையும் காட்டோடையும் நிறைந்த தேனிக்கு அதன் தேவை நீலகிரிக்குக் குறைந்ததல்ல.

எனவே மேகமலைக்கோ குரங்கணிக்கோ சுருளிக்கோ போகிறவர்கள் காலி பாட்டிலைக் கையோடு கீழே கொண்டுவாருங்கள். வாங்கிக்கொள்ளும் கடையில் கொடுங்கள், இல்லையென்றால் பழைய பாட்டில் எடுப்பவரிடம் போடுங்கள். உடைந்துவிட்டதா, காகிதத்தில் சுற்றித் தனியாக வையுங்கள். தூய்மைப் பணியாளரின் கையும் கிழியாது, அந்தக் கண்ணாடிக்காக ஒருமுறை எரித்த நெருப்பும் வீணாகாது.