தந்தையாவதற்கு முந்திய மூன்று மாதங்கள்

மணமாகி ஓராண்டு கழிந்தும் வீட்டில் தொட்டில் ஆடவில்லையென்றால், எமது கிராமங்களில் கேள்வி முதலில் மருமகளை நோக்கியே எழுகின்றது. வைத்தியரிடம் அழைத்துச் செல்லப்படுபவள் அவள். நேர்த்தி வைப்பவளும் நூல் கட்டுவிப்பவளும் அவளே. கணவன் வழமைபோல் தோட்டத்துக்குப் போய் வருகின்றான். அவனை எவரும் எதுவும் கேட்பதில்லை. ‘மலடி’ என்ற சொல் எமது பேச்சில் இலகுவாக வந்து விழுகின்றது. ‘மலடன்’ என்பதை எத்தனை தடவை கேட்டிருக்கின்றோம்?

மருத்துவம் கூறுவது வேறு. பிள்ளைப்பேறு தாமதிக்கும் தம்பதியரில் ஏறத்தாழ அரைவாசிப் பேரிடம், ஆணின் பக்கத்துக் காரணம் தனியாகவோ பெண்ணின் பக்கத்துக் காரணத்துடன் சேர்ந்தோ காணப்படுகின்றது. ஆண்மை என்பது வேறு, கருவளம் என்பது வேறு. தாம்பத்திய உறவில் எவ்விதக் குறையுமில்லாத, நல்ல உடற்கட்டுள்ள ஒருவரின் விந்தில் அணுக்கள் போதாமல் இருக்கலாம். வெளித்தோற்றத்தால் இதை அறிய முடியாது.

தொழிலும் பழக்கமும் ஆணின் கருவளத்தை எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதை உலகம் ஐயமின்றி அறிந்துகொண்டது ஒரு விவசாய மருந்தினாலேயே. டிபிசிபி எனப்படும் அந்த இரசாயனம், வேர்களைத் தாக்கும் நூற்புழுக்களை அழிப்பதற்காக மண்ணில் இடப்பட்டது. 1977இல் கலிபோர்னியாவின் லாத்ரொப் என்ற ஊரில் இதைத் தயாரித்த தொழிற்சாலைத் தொழிலாளர்கள், மதிய உணவு வேளையில் தமக்குள் கதைத்துக்கொண்டபோது, தம்மிற் பலருக்குப் பிள்ளைகள் பிறக்காமலிருப்பதைக் கவனித்தார்கள். பரிசோதித்தபோது சிலருக்கு விந்தணு மிகக் குறைவாக இருந்தது. சிலருக்கு அறவே இல்லை. எலிகளின் விதைகளை இம்மருந்து சுருங்கச் செய்கின்றதென 1961இலேயே ஆய்வு வெளிவந்திருந்தது. ஆனால் அந்தத் தொழிலாளர்களுக்கு அதை யார் சொன்னார்கள்? அமெரிக்காவில் பெரும்பாலான பயன்பாடு 1979இல் தடைசெய்யப்பட்டது. அதற்கிடையில் கொஸ்தாரிக்கா முதலிய நாடுகளின் வாழைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான கூலியாட்கள் அதே மருந்தைக் கையாண்டு, அதே இழப்புக்கு ஆளானார்கள். மருந்தை விட்டு விலகிய பின் சிலருக்கு வளம் மீண்டது. நீண்டகாலம் கையாண்டவர்களிற் பலருக்கு மீளவில்லை.

அந்த மருந்து இன்று வழக்கில் இல்லை. எனினும், வெற்று மேலுடன், காற்றுக்கு எதிரே நின்று, கையாலேயே மருந்தைக் கலக்கி அடிக்கின்ற எமது கமக்காரர் இக்கதையை அறிந்திருப்பது நல்லது. இப்போது பாவனையிலுள்ள வேறு சில பூச்சிகொல்லிகளையும் விந்தணுக் குறைவுடன் தொடர்புபடுத்தும் ஆய்வுகள் உள்ளன. நீண்ட கைச்சட்டை, கையுறை, முகமூடி ஆகியவற்றை அணிவதும், மருந்தடித்தவுடன் குளித்து உடுப்பு மாற்றுவதும் நுரையீரலுக்காக மட்டுமல்ல. அந்த உடுப்பை வீட்டாரின் உடுப்புகளுடன் சேர்த்துத் தோய்க்கவும் கூடாது.

இனி, ஏன் மூன்று மாதம்? பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறக்கும்போதே அவளுடன் இருப்பவை. விந்தணுவோ நாள்தோறும் புதிதாக உருவாவது. ஓர் அணு உருவாகி முடிய ஏறக்குறைய 70 நாட்களும், பின்னர் முதிர்ந்து வெளிவர மேலும் ஓரிரு வாரங்களும் எடுக்கின்றன. ஆகவே இன்று கருத்தரிக்கும் குழந்தைக்குத் தகப்பன் கொடுக்கும் பங்கு, மூன்று மாதங்களுக்கு முன் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதில் தங்கியுள்ளது. கடும் காய்ச்சல் ஒன்று வந்து போனாற்கூட அடுத்த சில வாரங்களில் அணுக்களின் தொகை குறையும். இதில் ஒரு நன்மையும் உண்டு: கெட்ட பழக்கத்தை விட்டவர் அதன் பயனைக் காண ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

விட வேண்டியவற்றுள் முதலாவது புகைத்தல். சிகரெட்டோ, பீடியோ, சுருட்டோ, எல்லாம் ஒன்றுதான். புகை அணுக்களின் தொகையையும் நீந்தும் வேகத்தையும் குறைப்பதுடன், அவை சுமந்து செல்லும் மரபுப் பொருளையும் சிதைக்கின்றது. அளவுமீறிய கள்ளும் சாராயமும் கசிப்பும் ஆண் சுரப்பை, அதாவது ஹோர்மோனைத் தாழ்த்துகின்றன. வயிறு பருத்தவர்களில், உடற்கொழுப்பு அதே ஹோர்மோனைப் பெண் ஹோர்மோனாக மாற்றிவிடுகின்றது. நீரிழிவைக் கட்டுப்படுத்தாது விடுவதும் கேடே.

விதைகள் உடலுக்கு வெளியே தொங்குவதற்குக் காரணமுண்டு. உடற்சூட்டைவிட இரண்டு முதல் நான்கு பாகை குறைந்த சூட்டிலேயே அவை சரிவர இயங்கும். போறணை, செங்கற்சூளை போன்ற இடங்களில் நாள் முழுவதும் நிற்பவர்கள் இதை மனங்கொள்ள வேண்டும். 2018இல் அமெரிக்காவில் 656 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், தளர்ந்த உள்ளாடை அணிந்தவர்களின் விந்தணுச் செறிவு மற்றவர்களைவிட 25 வீதம் கூடுதலாக இருந்தது. எமது பாட்டன்மாரின் சாரம் இந்த வகையில் வெற்றி பெற்றுவிட்டது!

இளைஞர்களுக்கு இன்னொன்று. உடற்கட்டுக்காக உடற்பயிற்சி நிலையங்களில் ஏற்றப்படும் ஆண் ஹோர்மோன் ஊசி கருவளத்தைக் கூட்டும் என்று சிலர் நம்புகின்றனர். நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து ஹோர்மோன் வரும்போது விதைகள் தம் வேலையை நிறுத்திவிடும். ஊசியை நிறுத்திய பின்பும் மீள மாதக்கணக்காகும்.

எல்லாக் காரணங்களும் பழக்கத்தால் வருவன அல்ல. பருவமடைந்தபின் வரும் கூகைக்கட்டு விதைகளைத் தாக்கலாம். விதைப்பையில் நாளங்கள் புடைத்திருப்பதும் ஒரு பொதுவான காரணம். தேவையானவர்களுக்கு அதைச் சத்திரசிகிச்சையாற் சீர்செய்யலாம். இவற்றை வைத்தியரே கண்டறிய வேண்டும்.

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிடில், மனைவிக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து போகவேண்டும். எங்கே போவதென்று உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரைக் கேட்கலாம். மனைவி கருத்தரிக்குமுன்பே எடுக்கவேண்டிய போலிக் அமில மாத்திரை பற்றியும் அவர் சொல்வார். கணவனுக்கான முதற் பரிசோதனை மிக எளியது: ஊசியில்லை, வலியில்லை, மனைவிக்குச் செய்யப்படும் பல சோதனைகளைவிடச் செலவும் குறைவு. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்தபின், ஆய்வுகூடம் தரும் போத்தலில் விந்தைச் சேகரித்து, ஒரு மணித்தியாலத்துள், உடற்சூடு குறையாமல் கொண்டுபோய்க் கொடுத்தாற் போதும். ஆணுறையில் எடுத்துச் செல்லக்கூடாது. அதிலுள்ள பூச்சு அணுக்களைக் கொன்றுவிடும். முதல் முடிவு குறைவாக வந்தால் மனமுடைய வேண்டாம். ஒரு தடவைச் சோதனையை வைத்து வைத்தியர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பார்கள்.