ஒரு பட்டுச் சேலைக்கு இரண்டு நிமிடம்

காஞ்சிபுரத்து முகூர்த்தப் பட்டு ஒன்றின் எடை 800 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஜரிகை கூடினால் ஒரு கிலோவைத் தாண்டும். கரை சிறிதானால் அரைக் கிலோவிலேயே நின்றுவிடும். சிறு விமானத்துக்கு ஊற்றும் பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ. ஆக ஒரு சேலையின் எடை 1.1 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். செஸ்னா 172 விமானம் மணிக்குச் சுமார் 35 லிட்டர் குடிக்கும். எடை வரம்பைத் தொட்டுவிட்ட விமானத்தில் ஒரு சேலையை ஏற்றினால், ஏறக்குறைய இரண்டு நிமிடப் பயணத்தைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

விளையாட்டுக் கணக்குப்போலத் தெரியும். ஆனால் தனியார் விமானி உரிமம் புதிதாகப் பெற்றவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான். இந்தியாவில் அந்த உரிமத்துக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். கரையையும் உடலையும் கோத்து நெய்யும் கோர்வைச் சேலை ஒன்றை முடிக்க இரண்டு பேருக்குப் பத்து நாளாவது ஆகும். நாளுக்கு எட்டு மணி என்றால் 80 மணி. நம் ஊர் அளவுகோலில் புதிய விமானியின் அனுபவம் அரைச் சேலை.

செஸ்னா 172-இன் எஸ் வகையை எடுத்துக்கொள்வோம். நான்கு இருக்கை. கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 1,157 கிலோ. காலி எடை ஏறத்தாழ 762 கிலோ; விமானத்துக்கு விமானம் கொஞ்சம் மாறும். மிச்சம் 395 கிலோ. ஆள், பெட்டி, பெட்ரோல் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். தொட்டி நிறைய ஊற்றினால் பயன்படுவது 200 லிட்டர், அதாவது 144 கிலோ. ஆளுக்கு 80 கிலோ வீதம் நான்கு பேர் 320 கிலோ. இரண்டையும் கூட்டினால் 464. வரம்புக்கு மேல் 69 கிலோ. நான்கு இருக்கை இருக்கிறது, 200 லிட்டர் தொட்டியும் இருக்கிறது. இரண்டையும் ஒருசேர நிரப்ப முடியாது. இது கையேட்டிலேயே இருக்கிறது. ஆனாலும் இருக்கையை எண்ணிப் பார்த்து நண்பர்களை அழைத்துவிடுகிறவர்கள் உண்டு.

சரி, நால்வரும் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறார்கள். நேர்க்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், காற்றே இல்லாவிட்டால், 2 மணி 6 நிமிடம். நால்வர் போக மிஞ்சும் எடை 75 கிலோ. அதற்கு 104 லிட்டர் ஊற்றலாம். 2 மணி 58 நிமிடம் பறக்கலாம். பகல் பயணத்தில் 30 நிமிடத்துக்கான பெட்ரோல் கைவைக்காத சேமிப்பாக இருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கழித்தால் 2 மணி 28 நிமிடம். போதும்.

இப்போது எதிர்க்காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வீசட்டும். தரையளவில் வேகம் 160 ஆகிறது. பயணம் 2 மணி 38 நிமிடமாக நீள்கிறது. சேமிப்பில் 10 நிமிடம் போயிற்று. காற்றே இல்லாத நாளில், பெட்டியில் கல்யாணச் சேலை 20 மட்டும் ஏற்றிப் பாருங்கள். 16 கிலோ, 22 லிட்டர், 38 நிமிடம். மிஞ்சுவது 1 மணி 50 நிமிடம். மதுரை 2 மணி 6 நிமிடத்தில் இருக்கிறது. சரக்கு அறை 54 கிலோ தாங்கும், அதனால் 16 கிலோ அங்கே தாராளமாகக் கொள்ளும். இடம் கொள்வதாலேயே கண் ஏமாறுகிறது. நால்வரில் ஒருவர் பேருந்தில் போனால் 111 லிட்டருக்கு வழி பிறக்கும், மூன்று மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது? பல தவறுகள் கூச்சத்தில் நடக்கின்றன என்பது என் எண்ணம்.

ஜரிகை வாங்குகிறவர்களுக்கு அலகுக் குழப்பம் தெரியும். மார்க் என்றால் சுமார் 240 கிராம். கிலோவில் யோசிக்கிற வெளியூர்க்காரர் நான்கு மார்க்கை ஒரு கிலோ என்று எண்ணி 40 கிராம் இழப்பார். விமானத்தில் இதே குழப்பம் 1983 ஜூலை 23 அன்று நடந்தது. ஏர் கனடாவின் போயிங் 767. ஓட்டியவர்கள் புதியவர்கள் அல்ல, அதனால்தான் சொல்கிறேன். எரிபொருள் அளவுமானி வேலை செய்யவில்லை. அளவுகோலை விட்டுப் பார்த்ததில் தொட்டியில் 7,682 லிட்டர். தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.8-ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77-ஆல். அது பவுண்டுக்கு உரிய எண். இருப்பு 13,597 என்று விடை வந்தது. அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். 20,000 லிட்டர் ஊற்றவேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாக ஊற்றினார்கள். 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது தட்டுப்பாடு வெளிப்பட்டது. இரண்டு இன்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கியே இறக்கினார்கள். 69 பேரும் பிழைத்தார்கள்.

1996 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் ஷையனில் கிளம்பியதும் விழுந்த சிறு விமானத்தில் யாரும் பிழைக்கவில்லை. ஏழு வயதுச் சிறுமி ஜெசிகா டுப்ராஃப், அவள் தந்தை, பயிற்றுநர். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலான விமான நிலையம், நெருங்கிவந்த இடிமழை, வரம்புக்கு மேல் 96 பவுண்டு, அதாவது 44 கிலோ. இதைச் சேலையில் மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை.

உயரம் நமக்கு எதற்கு, காஞ்சிபுரம் சமவெளிதானே என்று கேட்கலாம். உயரம் காற்றை மெலியவைக்கும்; இங்கே வெயில் அந்த வேலையைச் செய்துவிடும். ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 83 மீட்டர், 273 அடி. மே மாதத்து 40 டிகிரியில் காற்று மெலிந்து, விமானத்துக்கு இது 3,300 அடி உயரத்து ஊர்போல ஆகிவிடுகிறது. கடல் மட்டத்தில், முழு எடையில், 20 டிகிரி வெப்பத்தில் 50 அடி உயரம் எட்டச் சுமார் 1,700 அடி தூரம் போதும். 40 டிகிரியில் சுமார் 1,950 அடி வேண்டும்.

ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தைப் பார்த்துக்கொண்டு ஊருக்கு மேல் பறக்கிறார் ஒருவர். கோபுரம் 192 அடி. நெரிசலான ஊரில் மிக உயர்ந்த தடைக்கு மேல் 1,000 அடி விட வேண்டும். 1,192 என்று எழுதிக்கொள்வார். உயரமானி கடல் மட்டத்திலிருந்து காட்டும். தரையின் 273-ஐச் சேர்த்தால் 1,465. விட்டுப்போனது கோபுரத்தைவிடப் பெரிய எண். வடக்கே 27 கிலோமீட்டரில் அரக்கோணம் கடற்படை விமானதளம், ஐ.என்.எஸ். ராஜாளி, 1992-இலிருந்து இருக்கிறது. வான்பாதுகாப்பு அனுமதி எண் வாங்காமல் இந்தப் பக்கம் தலைகாட்டவே கூடாது.

திரும்புகாலுக்கும் கணக்கு உண்டு. கண்பார்வையை நம்பிப் பறக்கும் விமானம் சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டும். டிசம்பர் நடுவில் சென்னையில் சூரியன் சுமார் 5:45-க்கு மறையும், கெடு 6:05. மதுரையில் ஒரு காபி குடித்துவிட்டு நான்கு மணிக்குக் கிளம்பினால், காற்றில்லாத நாளிலும் வந்துசேர்வது 6:06.

இந்தியர்களில் இந்தப் பாடத்தை ஆரம்பத்திலேயே படித்தவர்களில் 1930-இன் இளைஞர்கள் சிலர் உண்டு. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் 500 பவுண்டு பரிசு அறிவித்திருந்தார். விமானி மன்மோகன் சிங் வழி தவறித் தவறி வந்து சேர்ந்தார். குறித்த கெடுவைத் தாண்டியதால் பரிசு இல்லை. 17 வயது ஆஸ்பி இன்ஜினியர் எகிப்தின் அபுகீரில் மாற்று ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றார். எதிர்த்திசையில் கராச்சியிலிருந்து வந்த போட்டியாளர், 25 வயது ஜே.ஆர்.டி. டாட்டா, தன்னிடம் உபரியாக இருந்ததிலிருந்து கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போயிற்று. பின்னாளில் அவர் இந்திய விமானப்படைத் தளபதியானார்.

ஜே.ஆர்.டி. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஒரு புஸ் மாத் விமானத்தில் தபால் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார். அகமதாபாத் வழியாகப் பம்பாய். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்ட்சென்ட் பெல்லாரி வழியாக மதராசுக்குக் கொண்டுவந்தார். கராச்சியில் ஏற்றிய தபால் 25 கிலோ. நம் கணக்கில் 31 சேலை.