கேமராவுக்கே கடிவாளம் போட்ட ஊர்கள்... தெரியுமா?

போலீஸ் ஒரு புது உளவுக் கருவி வாங்க நினைத்தால், முதலில் 9 ஊர்க்காரர்கள் அடங்கிய குழு முன்னால் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்! நம்ப முடிகிறதா? கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்தில் 2018 முதல் இதுதான் சட்டம்!

இதற்கு விதை எங்கே விழுந்தது தெரியுமா? துறைமுகத்தில்! அதன் பாதுகாப்புக்கென்று அமெரிக்க மத்திய அரசு கொடுத்த பணம் ஒரு கோடி டாலருக்கு மேல். பிறகு அந்தப் பாதுகாப்புத் திட்டம் சத்தமில்லாமல் ஊர் முழுக்கக் கேமரா, நம்பர் பிளேட் ரீடர் என்று ஊதிப் பெருத்தது. 2013-ல் விஷயம் வெளியே வந்தது. மக்கள் விடுவார்களா? 2014 மார்ச்சில் கவுன்சில் கூட்டம் நள்ளிரவைத் தாண்டியும் ஓடியது. ஓட்டு 4-க்கு 4! மேயர் ஜீன் குவான் போட்ட ஒற்றை ஓட்டில் திட்டம் மறுபடி துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் உள்ளேயே அடங்கியது!

அதே ஓக்லாந்து போலீஸின் 33 நம்பர் பிளேட் ரீடர்கள் மூன்றரை வருடத்தில் எத்தனை முறை படம் பிடித்திருந்தன? 46 லட்சம்! 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள்! ஊரின் ஜனத்தொகையோ சுமார் 4 லட்சம்தான்! சரி, தேடப்படும் வண்டிகள் எத்தனை சிக்கின? ஆயிரத்துக்குச் சுமார் இரண்டுதான்!

இன்னும் கேளுங்கள். தகவல் கேட்கும் சட்டத்தின் கீழ் இந்தப் பதிவுகளை வாங்கிய ‘ஆர்ஸ் டெக்னிக்கா’ இதழ், ஒரு கவுன்சிலரின் வண்டி எங்கெங்கே படத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தது. அவர் குடியிருக்கும் தெருப் பகுதியைச் சரியாக ஊகிக்க எவ்வளவு நேரம் ஆனது? ஒரு நிமிடம்கூட ஆகவில்லை!

வண்டி இருக்கட்டும், முகத்துக்கு வருவோம். 12 டாலர் 33 சென்ட்! 2018-ல் ஏ.சி.எல்.யு. என்ற உரிமை அமைப்பு, அமேசானின் முகமறியும் மென்பொருளைச் சோதிக்கச் செலவழித்தது இவ்வளவுதான். 25,000 கைதிப் படங்களோடு அமெரிக்க எம்.பி.க்களின் முகங்களை ஒப்பிட்டார்கள். 28 எம்.பி.க்களைக் கைதானவர்கள் என்று காட்டியது மென்பொருள்!

அடுத்த ஆண்டே சான் ஃபிரான்சிஸ்கோ, நகர அரசின் துறைகள் முகமறியும் கருவியைத் தொடவே கூடாது என்று 8-க்கு 1 ஓட்டில் தடை போட்டது. அமெரிக்கப் பெருநகரங்களில் இதுவே முதல்! ஆனால் வேடிக்கை பாருங்கள்... முகத்தைக் காட்டினால் திறக்கும் ஐஃபோன்கள் நகர ஊழியர்கள் கையிலேயே இருந்தன! அதே வருடம் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று!

குற்றம் எங்கே நடக்கும் என்று ‘ஜோசியம்’ சொல்லும் மென்பொருளை முதன்முதலில் தடை செய்த அமெரிக்க நகரம் எது? சான்டா குரூஸ், 2020-ல்! அந்த மென்பொருளை விற்ற பிரெட்போல் கம்பெனியின் தலைமையகம் எங்கே இருந்தது? அதுவும் சான்டா குரூஸில்தான்!

சியாட்டில் கதை இன்னும் ஜோர்! போலீஸ் 2 டிரோன் வாங்கியது. மக்கள் கொதித்தார்கள். 2013-ல் மேயர் திட்டத்தையே நிறுத்திவிட்டார். டிரோன்கள் என்ன ஆயின? 2014-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸுக்கு இலவசமாகப் போயின! அங்கேயும் எதிர்ப்பு வெடித்தது. அவர்களும் தூக்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள்!