வைட்டமின் டி கொடுத்தால் நிமோனியா வராதா?

மாதத்துக்கு ஒருமுறை சளி, இருமல் என்று படுத்துவிடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர், “வைட்டமின் டி குறைவா இருக்குமோ டாக்டர்?” என்று தாங்களே கேட்கும் காலம் இது. கேள்வியில் தவறில்லை. ஆனால், பதில் ஒரு பாட்டில் சொட்டு மருந்தோடு முடிந்துவிடுவதில்லை.

இந்தச் சந்தேகம் மருத்துவர்களுக்கும் பழையதுதான். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நடந்த ஓர் ஆய்வு 1997-ல் வெளியானது. நிமோனியாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 500 குழந்தைகளில் 210 பேருக்கு ரிக்கெட்ஸ் இருந்தது. நிமோனியா இல்லாத 500 குழந்தைகளிலோ 20 பேருக்குத்தான். ரிக்கெட்ஸ் என்பது பெரும்பாலும் வைட்டமின் டி போதாமல் எலும்பு மென்மையாகி வளைந்துபோகும் நோய். விலா எலும்பே தளர்ந்துவிட்டால், சளியை இருமித் தள்ளக் குழந்தைக்குத் தெம்பு எங்கிருந்து வரும்?

எலும்பு மட்டுமே காரணம் அல்ல என்பது 2006-ல் தெளிவானது. கிருமிகளை விழுங்கும் நம் வெள்ளையணுக்கள், காசநோய்க் கிருமியை உணர்ந்ததும் வைட்டமின் டி-யைப் பயன்படுத்தி ‘கேத்தலிசிடின்’ என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தைத் தாங்களே தயாரிக்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆனால், வைட்டமின் தானாக எந்த வேலையையும் செய்வதில்லை. செல்லுக்குள் இருக்கும் ‘விடிஆர்’ என்ற ஏற்பியைப் பற்றிக்கொண்ட பிறகே அதன் கட்டளை நிறைவேறும். அந்த ஏற்பிக்கான மரபணு 12-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதன் தொடக்கத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினால், ஏற்பிப் புரதம் 424 அமினோ அமிலங்களுக்குப் பதில் 427 கொண்டதாக நீண்டுவிடும். நீளம் கூடியது பலம் என்று நினைக்க வேண்டாம். குட்டையானதுதான் சுறுசுறுப்பு. இது நோயும் அல்ல, குறைபாடும் அல்ல. இரத்த வகையைப்போல ஆளுக்கு ஆள் அமையும் வேறுபாடு.

இந்த வேறுபாட்டுக்கும் நுரையீரல் தொற்றுக்கும் தொடர்பு உண்டா என்று கனடாவில் பார்த்தார்கள். 2008-ல் வெளியான ஆய்வு அது. நுரையீரல் தொற்றால் மருத்துவமனையில் சேர்ந்த 56 சிறு குழந்தைகளை, அப்படிப் பாதிக்கப்படாத 64 குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு வைரஸால் வரும் மூச்சுச் சிறுகுழாய் அழற்சி. தாய், தந்தை இருவரிடமிருந்தும் நீண்ட வடிவத்தையே பெற்ற குழந்தைகளுக்கு, குட்டை வடிவத்தையே பெற்றவர்களைவிட ஆபத்து ஏறக்குறைய 7 மடங்கு. அடுத்த ஆண்டு வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம்: ஆல்பர்ட்டா மாகாணத்தில் இதே நோயால் சேர்ந்த குழந்தைகளுக்கும் நலமாக இருந்தவர்களுக்கும் இரத்தத்தில் வைட்டமின் டி அளவு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. போதிய வைட்டமின் இருந்தும் சிலரிடம் அது சரியாக எடுபடவில்லையோ என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. நூற்றிருபது குழந்தைகளை வைத்து இதற்குத் தீர்ப்பு எழுத முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 7 மடங்கு என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ஜீன் டெஸ்டுக்கு ஓடுவது வீண் செலவு. முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறப்போவதில்லை.

சரி, எல்லாக் குழந்தைகளுக்கும் அள்ளிக் கொடுத்துப் பார்த்தால்? காபூலில் கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் 3,000 கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு லட்சம் யூனிட், மீதிப் பேருக்கு மருந்தில்லாச் சொட்டு. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தால், முதல்முறை நிமோனியா வந்ததில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. 2012-ல் ‘லான்செட்’ இதழில் வந்த இந்த முடிவு பலரின் உற்சாகத்தைத் தணித்தது. அதே ஆண்டு மங்கோலியாவிலிருந்து வந்த செய்தி வேறு. வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்த பள்ளிப் பிள்ளைகளுக்குக் குளிர்காலத்தில் தினமும் 300 யூனிட் கலந்த பால் கொடுத்ததில் சளித் தொல்லை பாதியாகக் குறைந்தது.

குறைபாடு உள்ள பிள்ளைக்குச் சிறு அளவு, தினமும். எனக்குத் தெரிந்தவரை இந்த ஆய்வுகள் காட்டும் திசை அதுதான். குறைபாடு இல்லாத பிள்ளைக்கு மொத்தமாக ஊற்றுவதில் லாபம் இல்லை; இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம்.

தாய்ப்பாலில் வைட்டமின் டி குறைவு என்பதால், முதல் ஓராண்டுக்குத் தினமும் 400 யூனிட் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. அது எலும்புக்காக, நிமோனியாவுக்குக் காப்பு என்று நினைத்து அல்ல. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. பழைய அளவிலேயே புது பாட்டிலை ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். பெரியவர்களுக்கான 60,000 யூனிட் பொட்டலத்தைக் குழந்தைக்குப் பங்கு போடவே கூடாது.

நிமோனியாவுக்கு எதிரான பிசிவி தடுப்பூசி ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் அந்த மூன்று கட்டங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.